ஜன்னல் வீட்டில் ஒரு பயந்தாங்கொள்ளி

பழைய வீட்டைச் சுற்றிக் காட்டுகிற வேலை என்பது, தான் நம்பாத ஒன்றை நாளுக்கு ஐந்தாறு தடவை நம்பிக்கையோடு சொல்லுகிற வேலை. சீலைக் கடையில் நின்று "உங்கட நிறத்துக்கு இதுதான் எடுப்பு" என்று சொல்லுகிறவர்கள், வங்கியில் நின்று "எல்லாம் சரிவரும்" என்று சொல்லுகிறவர்கள் எல்லோரும் என்னுடைய கூட்டம்தான். மேலதிகாரியின் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே எழும்பி நிற்கிற என் உறவுகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ரொறன்ரோவின் பழைய நகரப் பகுதியில், மியூசியமாக்கப்பட்ட ஒரு செங்கல் வீட்டில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. ஸ்காபரோவில் மச்சாள் வீட்டில் இருந்தேன். காலையில் ஒரு பஸ், ஒரு சப்வே, பிறகு கொஞ்ச நடை. போனதும் சுடிதாரைக் கழற்றிவிட்டுத் தரை தொடுகிற பழங்காலக் கவுனும் தலையில் ஒரு வெள்ளைத் துணித் தொப்பியும் போட வேண்டும். வீட்டைக் கட்டினவர் ஒரு நில அளவையாளர், நம்முடைய ஆட்கள் சொல்லுகிற சேவையர். அவருடைய காலத்தை அறிவொளிக் காலம் என்பார்கள். லண்டனிலும் எடின்பரோவிலும் இருந்த படித்த மனிதர்கள், உலகத்தை அறிவால் அளந்துவிடலாம், இருட்டையும் மூடநம்பிக்கையையும் துரத்திவிடலாம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை கப்பலேறி இங்கே வந்து தெருவாகவும் வீடாகவும் நின்றது. நடுவில் ஒரு கதவு, இரண்டு பக்கமும் அளவு பிசகாமல் பெரிய பெரிய ஜன்னல்கள். ஒவ்வொரு சுற்றையும் நான் ஒரே வசனத்தோடு முடிக்க வேண்டும்: "இந்த வீடு பயத்துக்கு எதிராகக் கட்டப்பட்டது."

சொல்லுகிற எனக்கோ பிறந்த நாளிலிருந்து பயம். போதாததற்கு இவர், என் கணவர், கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஆண்களைப் பொலிஸ் லொட்ஜ் லொட்ஜாகப் பிடித்துக் கொண்டு போகிற காலம். நிரந்தர வேலை இருந்தால் அவரை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் கெதியாகச் சரிவரும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒரு வருடம் சோதனைக் காலம் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வருடத்துக்குள் ஒரு பிழை விட்டாலும் இவர் அங்கேயே கிடப்பார் என்று நினைத்து நினைத்து நான் விட்ட பிழைகள்தான் இவை.

தெருவுக்கு நேரே

முன்கூடத்தில் நகரத்தின் முதல் வரைபடம் தொங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் ஒரு கவர்னர் வந்து, ஏரிக்கரைக் காட்டின் மேல் அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறினார். ஓடை வந்தாலும் பள்ளம் வந்தாலும் கோடு வளையாது. தெரு நேரானால் மனிதரும் நேராவார்கள் என்பது அவர்களுடைய எண்ணம். எங்கள் சேவையர் அதற்கும் ஒரு படி மேலே போய், ஒரு தெரு வந்து முட்டுகிற இடத்தைத் தேடிப் பிடித்து வீட்டைக் கட்டினார். தெருவில் வருகிறவர்களின் கண் நேரே அவருடைய வாசலில் போய் விழும். அந்தக் காலத்தில் அதுதான் அழகாம்.

நமக்கு அதன் பெயர் தெருக்குத்து. முதல் நாள் தெரு முனையில் நின்று அந்த வாசலைப் பார்த்ததும் நான் தெருவின் ஓரத்துக்கு விலகி நடந்தேன். தெருக்குத்து வீடு ஆண்களுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்த காது. கொழும்பில் இருக்கிற ஆணை நினைத்துக் கொண்டேன். அடுத்த கிழமை, கைப்பைக்குள் இருந்த சின்னப் பிள்ளையாரை எடுத்து, முன்கதவுக்கு மேலே இருந்த கண்ணாடி விளிம்பில் தெருவைப் பார்த்தபடி வைத்துவிட்டேன். ஊரிலும் தெரு முட்டுகிற இடத்தில் அவர்தானே காவல்.

ஒரு சனிக்கிழமை மட்டக்களப்பு அண்ணை ஒருவர் மனைவியோடு வந்தார். விட்பியில் புது வீடு வாங்கத் திரிகிறவர், பழைய வீட்டையும் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறார். வாசலில் ஏறாமல் நின்றுவிட்டார். "தங்கச்சி, இது தெருக்குத்து வீடெல்லோ? மறுகா எப்பிடி உள்ளுக்கு வாற?" என்றார். நான் கண்ணால் மேலே காட்டினேன். அவர் அந்த இடத்திலேயே தலையில் குட்டிக் கும்பிட்டார். எனக்குப் பின்னால் எங்கள் மனேச்சர் ஹெலன் நின்றதை நான் கவனிக்கவில்லை. ஹெலன் நெட்டையான பெண், குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே அவரைக் கண்டால் எனக்கு நடுக்கம். ஏணி வைத்துப் பிள்ளையாரைக் கீழே இறக்கினார். "சேவையரின் காலத்துக்குப் பிந்திய எந்தப் பொருளும் பார்வைக்கு இருக்கக் கூடாது என்று முதல் நாளே சொன்னேன்" என்றார். கொழும்பில் இருக்கிற இவருடைய முகம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. அப்போது அடுக்களையில் பழங்காலச் சமையல் செய்து காட்டுகிற டொறீன் மா பிசைந்த கையோடு வந்தாள். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பிள்ளையாரை நன்றாகப் பார்த்தாள்.

"விதி பிந்தினவர்களுக்குத்தானே, ஹெலன்? இவர் சேவையருக்கு எவ்வளவோ முந்தினவர்."

திறந்தால் செங்கல்

வரவேற்பறையில் கணப்படுப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு கதவுகள். ஒன்று சாப்பாட்டறைக்குப் போகும். மற்றது எங்கும் போகாது, திறந்தால் செங்கல் சுவர்தான். ஒரு பக்கம் கதவு இருந்தால் மறுபக்கமும் இருக்க வேண்டும், கண்ணுக்குச் சமநிலை வேண்டும் என்று வைத்த பொய்க் கதவு. பார்க்க வருகிறவர்கள் அதைத் திறந்து காட்டச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அந்தக் கதவைத் தொடவே பிடிக்காது. எந்த அறைக்குள் போனாலும் என் கண் முதலில் தேடுவது இரண்டாவது வழியை. முன்வாசலால் ஆமி வந்தால் பின்வாசலால் ஓடுகிற வீடுகளில் இருந்து வந்த பழக்கம் அது.

ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்து ஒரு முஸ்லிம் குடும்பம் வந்திருந்தது. புத்தளம் பக்கத்து ஆட்கள். தச்சு வேலை செய்கிற அண்ணன், அவர்கள் முறையில் நானா, அவருடைய மனைவி, மனைவியின் தாயார். தமிழில் சுற்றிக் காட்டக் கிடைத்த சந்தோசத்தில் நான் கொஞ்சம் துள்ளிக் கொண்டுதான் இருந்தேன். அந்த நேரம் பார்த்து டொறீன் அடுக்களையில் எதையோ கருக்கிவிட்டாள். தீ மணி அடித்தது. இரண்டு மாதமாகத் திறந்து மூடின கதவுகள் எல்லாம் எனக்கு மறந்து போய்விட்டன. "இந்தப் பக்கம் வாங்கோ!" என்று கத்தி, தாயாரின் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு ஓடி, பொய்க் கதவை அகலத் திறந்தேன். முன்னால் செங்கல். பின்னால் மணி. திரும்பி மற்றக் கதவுக்குப் போனால் சரி, ஆனால் உடம்பு திரும்பவில்லை. செங்கலில் கையை வைத்தபடி, இதுதான் முடிவு என்று அப்படியே நின்றேன். அந்த நானாதான் என் தோளைப் பிடித்துத் திருப்பி எல்லோரையும் வெளியே கொண்டு வந்தார்.

புல்தரையில் நின்று மூச்சு வாங்கினோம். தாயாரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் என் முதுகைத் தடவிவிட்டார். நானா வீட்டைப் பார்த்தபடி தலையை ஆட்டினார்.

"கதவுப் பிணைச்சல் மெய், பூட்டு மெய், பாதை மட்டும் பொய். இப்பிடி ஒரு கதவச் செஞ்சவன் வாழ்க்கையில ஒரு நாளும் ஓட வேண்டி வராத மனிசன், தங்கச்சி."

வெளிச்சம்

பனிக்காலத்தில் பின்னேரம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டினதும் ஒவ்வொரு ஜன்னலிலும் விளக்கேற்றி, மரத் தட்டிக் கதவுகளை அகலத் திறந்து வைக்க வேண்டும். தெருவின் தொங்கல் முனையில் இருந்து பார்த்தால் வீடு முழுக்க ஒளியாகத் தெரிய வேண்டும். அறிவொளி என்பதை ஆட்களுக்கு விளக்க இதைவிடச் சுகமான வழி இல்லை என்பார் ஹெலன்.

நான் பிறந்து வளர்ந்த இடத்தில், இருட்டின பிறகு வெளிச்சம் வெளியே தெரிந்தால் மேலே சுற்றுகிற ஹெலிக்காரனுக்கு அது அடையாளம். ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி, விளக்குக்கு மட்டை மறைப்பு வைத்து, பிள்ளை அழுதாலும் வாயைப் பொத்தி இருந்த சனம் நாங்கள். இங்கே நானே ஒவ்வொரு ஜன்னலாக விளக்கேற்றிக் கொண்டு போக, முதுகு கூசும். ஏற்றி முடித்ததும் கை தன்பாட்டில் தட்டிக் கதவுகளைச் சாத்திவிடும். ஹெலன் அறையை விட்டு வெளியே வருகிற சத்தம் கேட்டால் ஓடிப் போய்த் திறப்பேன். இப்படியே கொஞ்ச நாள் ஓடியது.

ஒரு நாள் சத்தம் கேட்கவில்லை, ஏனென்றால் ஹெலன் வெளியே போயிருந்தார். நகரத்துப் பெரிய மனிதர்கள் சிலரைக் கூட்டிக் கொண்டு, ஒளி வீசும் தன்னுடைய வீட்டைக் காட்டத் தெருமுனையில் இருந்து நடந்து வந்திருக்கிறார். வீடு பிணம் போல இருட்டிக் கிடந்தது. நான் சாப்பாட்டறையில் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவில், சுவரோடு முதுகை ஒட்டி நிலத்தில் இருந்தேன். வந்தவர்கள் பார்த்து நிற்க ஹெலன் தன் கையாலேயே தட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். அவர்கள் போன பிறகு காரணத்தைக் கேட்டார். சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இருட்டுக்குப் பயப்படுகிறவர்களை வைத்து வேலை வாங்கியிருக்கிறேன், புவனா. வெளிச்சத்துக்குப் பயப்படுகிறவரை வைத்துக் கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை."

கூரைக்கு அடியில்

அதற்குப் பிறகு நான் ஒரு சொல் கூடக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுத்ததையே ஒப்புவித்தேன். வேலையைக் காப்பாற்றினால் போதும், இவர் வந்து இறங்கட்டும், பிறகு பார்ப்போம். உங்களிலும் பலர் அப்படித்தானே இருக்கிறீர்கள்?

பனி உருகுகிற நாட்களில் ஒரு கறுப்பினப் பெண்மணி தனியாக வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரித் தாதி, வேலை முடிந்து நேரே வந்ததாகச் சொன்னார். நான் ஜன்னல்களைப் பற்றி, அவற்றின் அளவைப் பற்றி, அறைக்குள் விழுகிற வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லுவதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். மாடியில் கடைசி அறை வாசலில், இன்னும் மேலே போகிற ஒடுங்கின படியைக் காட்டி, "அங்கே என்ன?" என்றார். அங்கே வேலைக்காரர்கள் படுத்த அறை. டொறீன் ஒரு நாள் எனக்குச் சொல்லியிருந்தாள்: அதில் படுத்த ஒரு தாயும் பிள்ளையும் வேலைக்காரர் கூட இல்லை, சேவையர் விலைக்கு வாங்கின அடிமைகள். பெயர் யாருக்கும் தெரியாது. எழுதிக் கொடுத்ததில் அது இல்லை.

அந்த அறையின் பூட்டுத் திறப்பு என் இடுப்பில் தொங்கியது. ஹெலன் கீழ்ப்படியில் யாரோடோ பேசிக் கொண்டிருந்தார். "அது மூடியிருக்கு" என்று சொன்னால் முடிந்தது, பொய்யும் இல்லை. வாயைத் திறந்தேன், ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கொண்டு அதைச் சொல்ல வரவில்லை. படியேறிப் பூட்டுக்குள் திறப்பைப் போட்டுத் திருகினேன். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. பகலிலும் இருட்டு. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், சொல்லும்போதே கீழே ஹெலனின் பேச்சு நின்றது கேட்டது. அந்த அம்மா குனிந்தபடி நின்று, சாய்ந்த கூரைப் பலகையில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார். கீழே இறங்கி வந்து, ஹெலனுக்கும் கேட்கும்படியாகவே என்னிடம் சொன்னார்:

"ஜன்னல்களைப் பற்றி அழகாகச் சொன்னீர்கள், நன்றி. அவற்றைத் துடைத்தவர்கள் படுத்த இடத்தில் ஒரு ஜன்னலும் இல்லை என்பதையும் நாளைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள்."

வானத்தில் ஒரு விளையாட்டு

ஹெலன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திட்டினால் கூட நித்திரை வந்திருக்கும். வைகாசி போய் ஆனி, ஆடி எல்லாம் போயிற்று. சோதனைக் காலம் முடிகிற நாள் கிட்டிக் கொண்டு வந்தது.

செப்டெம்பர் தொடக்கத்து நீண்ட வார இறுதியில், கொழும்பில் லொட்ஜ் தொலைபேசியை இரண்டு நாளாக யாரும் எடுக்கவில்லை. இவர் இருக்கிற பக்கம் சுற்றிவளைப்பு நடந்ததாக மச்சாள் தமிழ்க் கடையில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். வேலைக்குப் போகாதே என்றாள். போகாமல் விட்டால் அது ஒரு பிழையாகிவிடுமே என்று போனேன். கவுனைப் போட்டேன், தொப்பியைக் கட்டினேன். சாப்பாட்டறையில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் நின்று, "இந்த வீடு பயத்துக்கு எதிராகக்" என்று தொடங்கினேன். அப்போது வானம் கிழிந்தது.

வருடா வருடம் அந்த வார இறுதியில் ஏரிக்கு மேலே போர் விமானங்கள் வித்தை காட்டும் என்பது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. முந்தின வருடம் நான் ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறைக்குள் இருந்தேன். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்ததுதான் தெரியும். "பொம்மர்! கீழ, எல்லாரும் கீழ!" என்று, ஊரில் குண்டு போட வருகிற பிளேனைக் கண்டால் கத்துகிற மாதிரி, தமிழில் அலறினேன். ஒரு பெண்ணைத் தோளில் பிடித்துத் தள்ளி, ஒரு கிழவரைக் கோட்டில் பிடித்து இழுத்து, எல்லோரையும் அடுக்களைப் படியால் நிலவறைக்குள் இறக்கினேன். "குப்புறப் படுங்கோ! காதைப் பொத்துங்கோ! வாயைத் திறந்து வைச்சிருங்கோ!" வாய் மூடியிருந்தால் குண்டுச் சத்தத்தில் காது கிழியும் என்பது ஊரில் படித்த பாடம். தமிழ் விளங்காத சனம் நான் செய்ததைப் பார்த்து அப்படியே செய்தது. அது திரும்பவும் தலைக்கு மேலே போனது. கலியாணம் கட்டின நாளில் இருந்து கணவரின் பெயரைச் சொல்லாத வாய், அன்றைக்கு அந்த மண் தரையில் கிடந்து "சிவநேசன், சிவநேசன்" என்று சொன்னது.

பிறகு சத்தம் தூரப் போனது. யாரோ ஒருவர் கை தட்டத் தொடங்கினார், மற்றவர்களும் சேர்ந்து கொண்டார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கப் படை ஏரி வழியாக வந்து இந்த ஊரைத் தாக்கினதை நான் நடித்துக் காட்டினேன் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெண் படுத்தபடியே படம் எடுத்தாள். நான் முகத்தை நிமிர்த்தவில்லை. வேலை போயிற்று, அவரும் போய்விட்டாரோ தெரியாது, இவர்கள் கை தட்டுகிறார்கள். பக்கத்தில் கோட்டுக் கிழவர் மட்டும் தட்டவில்லை. குண்டு விழுந்த போர்க்காலத்து லண்டனில் பிள்ளையாக இருந்தவராம். காதில் இருந்து கையை மெல்ல எடுத்துவிட்டு என்னிடம் குனிந்து சொன்னார்:

"நீங்கள் காட்டுவதற்கு முன்பே நான் வாயைத் திறந்துவிட்டேன், அம்மா. நீங்கள் நடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்."

ஹெலனின் அறை

பின்னேரம் ஹெலன் கூப்பிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கொண்டு போனேன், எப்படியும் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும். அவர் இருக்கச் சொன்னார். வாசலில் மூன்று பேர் நின்று அடுத்த நிலவறைக் காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்கள் என்றார். எனக்கு விளங்கவில்லை. "அதை நாளைக்கும் செய்ய முடியுமா?" என்றார். என்னை வேலையால் நிற்பாட்டவில்லையா என்று கேட்டேன். நிரந்தரமாக்கப் போவதாகச் சொன்னார். ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு நிலவறை. கூரைக்கு அடியில் உள்ள அறையையும் இனித் திறந்து காட்டுவது என்று முடிவெடுத்திருக்கிறார். அதற்கு ஆறு மாதம் யோசித்தாராம்.

நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது அழுகை. யாருக்காக இந்த வேலையைக் கட்டிப் பிடித்தேனோ அவர் எங்கே என்று தெரியாமல் நிரந்தரத்தை வைத்து நான் என்ன செய்ய? அழுகையில் உடைந்த இங்கிலீசில் சொன்னேன். ஹெலன் மேசைத் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். அங்கே விடியச்சாமம். மணி அடித்து அடித்து, கடைசியில் லொட்ஜ்காரர் நித்திரைக் குரலில் எடுத்தார். "உங்கட அவரை நேற்றுப் பின்னேரம் விட்டுட்டாங்கள் பிள்ளை. மேல படுத்திருக்கிறார். எழுப்பவோ?" வேண்டாம், படுக்கட்டும் என்றேன். வைத்த பிறகும் கை நிற்கவில்லை, மேசையில் இருந்த பேனைகள் எல்லாம் ஆடின. ஹெலன் கொஞ்சம் பயந்து போய், நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று கேட்டார். நல்ல செய்தி என்றேன்.

"நல்ல செய்திக்கும் இப்படித்தான் நடுங்குவீர்களா?"

மூன்று மணிக் காட்சி

அன்று தொடங்கி, மூன்று மணிக்கு டொறீன் மேலே ஒரு பெரிய தகரத்தை அடிப்பாள், நான் அலறுவேன், சனம் நிலவறைக்குள் ஓடும். முதல் மாதம் நடிக்கத் தேவை இருக்கவில்லை. பிறகு பிறகு தகரம் தகரமாகவே கேட்கத் தொடங்கிவிட்டது. ஒரு நாள் ஹெலன், "இன்றைக்குப் பயம் கொஞ்சம் காணாது" என்றார். எனக்குப் புதுப் பயம் பிடித்துக் கொண்டது, பயம் தீர்ந்து போனால் வேலையும் தீர்ந்து போகுமே என்று. மற்றவர்கள் வேலைக்குப் போகும்போது சிரிப்பை மாட்டிக் கொண்டு போவார்கள், நான் சப்வேயில் இருந்தபடி நடுக்கத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டு போனேன்.

அடுத்த வசந்தத்தில் இவர் வந்து இறங்கினார். மெலிந்திருந்தார், பேச்சுக் குறைந்திருந்தது, மற்றபடி நலம் என்று நினைத்தேன். இரண்டாம் கிழமை என் வேலையைப் பார்க்க வந்தார். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். மூன்று மணிக்குத் தகரம் அடிப்பார்கள், நான் கத்துவேன், எல்லோரும் கீழே போவார்கள், கை தட்டுவார்கள், அவ்வளவுதான். "நான் காணாத பொம்மரோ?" என்று சிரித்தார். கையைப் பின்னால் கட்டிக் கொண்டு, சனத்தோடு சனமாக அறை அறையாக வந்தார். என் தொப்பியைப் பார்த்து இரண்டு தரம் சிரித்தார். அந்த வீட்டில் எனக்கு மனம் இலேசாக இருந்த முதல் நாள் அது.

மூன்று மணிக்குத் தகரம் அடித்தது. நான் அலறினேன். எல்லோரும் சிரித்துக் கொண்டு இறங்கினார்கள், முடிந்ததும் கை தட்டினார்கள், தூசியைத் தட்டிக் கொண்டு மேலே போனார்கள். மேலே டொறீன் தகரத்தோடு குனிந்து வணக்கம் சொல்ல, அவளுக்கும் தட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் இவரைக் காணவில்லை. திரும்பக் கீழே இறங்கினேன். நிலவறையின் கடைசி மூலையில், உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பின்னால், போட்டிருந்த புதுச் சேட்டோடு குப்புறக் கிடந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தார். வாய் திறந்திருந்தது. நான் பக்கத்தில் இருந்து முதுகில் கையை வைத்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் முகத்தை நிமிர்த்தாமலே கேட்டார்:

"கை தட்டுறாங்களே... அப்ப பிளேன் போயிட்டுதோ?"

பயத்துக்கு எதிராகக் கட்டின வீட்டில் பயப்படுவதையே உத்தியோகமாகச் செய்கிற ஒரே ஆள் நான்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன், ஆனால் அதே உத்தியோகத்தை என் வீட்டுக்காரர் என்னைவிட நன்றாக, சம்பளமே இல்லாமல் செய்து கொண்டிருந்தார்.